பூவாத்தா கடை டம்ளர்களில் பேர் விழுந்த கதை

செங்காட்டூர் வாய்க்கால் வீதியில், விடிய விடியக் கடகடக்கும் நாலு தறிப்பட்டறைகளுக்கும் ஒரு டெய்லர் கடைக்கும் நடுவில் இருக்கிறது பூவாத்தாவின் காபிக் கடை. அங்கே ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, குடித்துவிட்டு வைத்த பித்தளை டம்ளர் ஒன்றைக் கழுவ எடுத்த பூவாத்தா, அதன் வயிற்றில் 'ரங்கன்' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருப்பதைப் பார்த்தாள். கல்யாணச் சீருக்கு வாங்கும் அண்டாவிலும் குடத்திலும் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து வெட்டித் தருவார்களே, அதே எழுத்து. ரங்கன் நகராட்சியில் சாக்கடை வேலை பார்ப்பவர். இருட்டோடு வேலையை முடித்து, வாய்க்காலில் கைகால் கழுவி, கடையின் முதல் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். இந்த மனுசன் எப்போது ஆணியெடுத்து இதைக் கீறினார் என்று முனகிக்கொண்டே பூவாத்தா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பளபளப்புத்தான் கூடியது, பேர் போகவில்லை. சரி, தொலையட்டும் என்று அதிலேயே அடுத்த காபியை ஊற்றி, ஒடிசாவிலிருந்து தறி ஓட்ட வந்த ஹேமந்துக்குக் கொடுத்தாள். அவன் குடித்து வைத்தபோது ரங்கனுக்குக் கீழே ஹேமந்த் என்று தமிழில் இருந்தது. மதியத்துக்குள் கடையின் அறுபது டம்ளர்களிலும் குடித்தவர்கள் பேரெல்லாம் குடித்த வரிசைப்படி விழுந்துவிட்டது.

அதிசயம் என்றால் நாலு பேர் வாயில் கை வைக்க வேண்டும், ஒருத்தியாவது சாமியாட வேண்டும். வாய்க்கால் வீதியில் அதெல்லாம் நடக்கவில்லை. சாயத் தண்ணீர் கலந்து நாளுக்கொரு நிறத்தில் வாய்க்கால் ஓடுவதையே பார்த்துப் பழகிய வீதி அது. முதல் சந்தேகம் பாத்திரக் கடையில் பேர் வெட்டும் சூசை மேல் விழுந்தது. சூசை வந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், டம்ளரை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ற கை இல்லீங்க இது. எனக்கு இத்தனை சுத்தமா வராது. மெசினும் இல்லீங்க, மெசின்ல வெட்டுனா எழுத்துக்கு உசுரு இருக்காது. எவன் வெட்டுனானோ, தொழில் தெரிஞ்சவன்."

"அதெல்லாம் கெடக்கட்டுமுங்க, காபி ஆறுது, குடிங்க மொதல்ல" என்றாள் பூவாத்தா. அவர் குடித்தார். தன் பேரைத் தானே வெட்டிப் பார்த்திராத சூசை, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேரைப் பாத்திரத்தில் படித்துவிட்டு, அதன்மேல் ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்தார்.

அப்புறம் அது வீதியின் அன்றாடக் காரியம் ஆயிற்று. எத்தனை பேர் குடித்தாலும் டம்ளரில் இடம் போதாமல் போகவில்லை. பத்தாவது பேருக்கும் இடம் இருந்தது, ஆயிரத்தாவது பேருக்கும் இடம் இருந்தது. டம்ளரும் கனக்கவில்லை, பேரும் நெருங்கவில்லை, தன் பேரைத் தேடுகிறவன் கண்ணுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இனிஷியல் விழவில்லை, பட்டம் விழவில்லை, பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் வால் எதுவும் விழவில்லை. கவுன்சிலர் சிங்காரவேல் 'மக்கள் தொண்டன்' என்பது விட்டுப்போனதாக நினைத்து மேலும் மூன்று காபி குடித்துப் பார்த்தார், மூன்று முறையும் வெறும் சிங்காரவேல்தான் விழுந்தது, ராத்திரி தூக்கம்தான் போயிற்று. பைனான்ஸ் வசூலுக்கு வரும் 'ராஜா' உண்மையில் குப்புசாமி என்பது தெரிந்தது. மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று விசாரிக்க வந்த பெண் வீட்டார் டம்ளர்களைப் படித்து, பையன் யார் யாரோடு உட்கார்ந்து காபி குடிக்கிறான் என்று தெரிந்துகொண்டு போனார்கள். ரேஷன் கார்டில் பேர் தப்பாக இருந்தவர்கள் தாலுகா ஆபீசுக்கு டம்ளரையே சாட்சிக்கு எடுத்துப் போனார்கள். ஆபீசர் முதலில் சிரித்தார், பிறகு ஒரு காபி சொல்லி அனுப்பினார். தமிழ் படிக்கத் தெரியாத ஹேமந்த் தன் பேரைப் படம் பிடித்து ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினான். அந்த அம்மாவும் அங்கே வீடு வீடாகப் போய்க் காட்டினாளாம்.

மேஸ்திரி சம்சாரம் வந்ததுதான் இதில் பெரிய விஷயம். பட்டறை மேஸ்திரியைக் கட்டிக்கொண்டு வந்து முப்பத்திரண்டு வருஷமாக அவள் வீதிக்கு மேஸ்திரி சம்சாரம், வீட்டில் 'ஏய்', பிள்ளைகளுக்கு அம்மா. காபி குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பினவள் அங்கே இந்திராணி என்று இருப்பதைப் பார்த்து, யாரு இது என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து வீதியே அவளை இந்திராணியக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது. மேஸ்திரியும் வேறு வழியில்லாமல் இந்திராணி என்றார்.

வெளியூரிலிருந்து சொந்தபந்தம், ஒறம்பரை என்று யார் வந்தாலும் கோயிலுக்கு முன்னால் கடைக்குக் கூட்டிவந்தார்கள். "வாங்க, உங்க பேரையும் ஒண்ணு வெட்டிப்போட்டுப் போலாம்" என்று கூப்பிடும்போது வீதிக்காரர்கள் குரலில் ஒரு மிதப்பு இருந்தது. இருக்காதா பின்னே? வீதியில் இருக்கும் எல்லாருக்கும் பேர் இருக்கிறது என்று சொல்ல எங்கள் ஊரில் வேறென்ன இருந்தது?

இனி நாச்சிமுத்து. கடை இருக்கும் கட்டடமும் பக்கத்துப் பட்டறைகள் இரண்டும் அவருடையவை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்தில் காபியைக் குடித்தவர், சாப்பாட்டை விட்டுவிட்டுச் சமையல்கட்டுக்கே போய், போட்டது யார் என்று விசாரித்து, அங்கே டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்த பெண் தன் ஊர்க்காரி என்றதும் அந்த இடத்திலேயே கடை வைக்க இடம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காலனிக்காரி என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நாக்கு முடிவு பண்ணிவிட்டது. பூவாத்தாவும் வரும்போதே ஒன்று சொல்லிவிட்டாள்: "கடையில எல்லாத்துக்கும் ஒரே டம்ளருங்க. அதுக்குச் சம்மதம்னா வாரேன்." அவளுடைய அப்பன் இதே வீதியில் வேப்ப மரத்தில் மாட்டியிருந்த அலுமினியக் குவளையில் டீ வாங்கி, குத்தவைத்துக் குடித்து, தானே கழுவி, திரும்ப மாட்டிவிட்டு வந்தவர். நாச்சிமுத்து அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். கொதிக்கிற தண்ணீரில் அலசினால் டம்ளரில் யார் வாய் பட்டதும் மிஞ்சாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நாளைக்கு மூன்று காபி, ஆறு வருஷம், ஒரு நாள் தவறாமல் குடித்தார். கடைக்கு அவரைப் போல ஒரு வாடிக்கை கிடையாது.

கொதிதண்ணீருக்குப் போகாத பேர் விழுந்ததும் அந்த வழி அடைபட்டுப்போயிற்று. ஆனாலும் காபி ஆசையில் டம்ளரைத் திருப்பிப் பார்க்காமலேயே சமாளித்து வந்தார். வினை அவருடைய சம்பந்தி ரூபத்தில் வந்தது. பெருமைக்காகக் கடைக்குக் கூட்டிவந்த சம்பந்தி, டம்ளரை மூக்குக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏனுங்க மச்சான், உங்க பேருக்கு மேல ரங்கன்னு போட்டிருக்குது. ஆருங்க அது, உங்க பங்காளிங்களா?"

கடையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்த ரங்கன் எழுந்து நின்றார். நாச்சிமுத்துவின் காது மடல் சிவந்தது. அன்று சாயங்காலமே சூசையைக் கூப்பிட்டுத் தன் பேரை அரம் வைத்து அராவச் சொன்னார். அறுபது டம்ளர்களிலும் அவர் பேர் இருந்தது. சூசை ராவோடு ராவாக அத்தனையையும் அராவினார். மறுநாள் காலை, பழக்கத்தில் கால் தானாகக் கடைக்கு வந்து ஒரு வாய் குடித்ததும், நாச்சிமுத்து என்று அறுபதிலும் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது, முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

அவர் பூவாத்தாவிடம் வந்து நின்றார்.

"இத பாரு பூவாத்தா. உன்ற காபிய நான் கொற சொல்ல மாட்டேன். எனக்குன்னு ஒரு டம்ளர் தனியா வையி. வெள்ளி டம்ளர் நானே கொண்டாந்து தாரேன். அமாவாசைக்குள்ள வெச்சீன்னா சரி. இல்லாட்டிப் போனா கடைய ஒழிச்சுக் குடுத்துரு."

"எல்லாத்துக்கும் ஒரே டம்ளருன்னு சொல்லித்தானுங்க வந்தேன்."

"அப்ப பேரு உளுவுலியே புள்ளே!" என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

பூவாத்தா வெளியே முறைப்பாக நின்றாலும் உள்ளே ஆடித்தான் போனாள். இந்தக் கடை போனால் இந்த ஊரில் அவளுக்கு வேறு இடம் கொடுக்க ஆள் இல்லை. மகள் கோயமுத்தூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். திரும்ப யார் வீட்டுக் கல்யாணத்திலோ புகைக்கு நடுவில் நின்று, யாருக்கென்று தெரியாமல் காபி இறக்க வேண்டும். ஒரே ஒரு வெள்ளி டம்ளர், அது மூலையில் ஒரு பக்கமாக இருந்துவிட்டுப் போனால் குடியா முழுகிவிடும் என்று மனசு பேரம் பேசிற்று. நாலைந்து நாள் அவள் அந்தப் பேரத்துக்குக் காது கொடுத்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாச்சிமுத்து கடைப்பக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் மேஸ்திரியை அனுப்பி, ஃபிளாஸ்க்கில் பார்சல் வாங்கிவரச் சொல்லி, வீட்டில் அந்த வெள்ளி டம்ளரில் ஊற்றிக் குடித்தார். மேஸ்திரி வந்து இந்திராணியிடம் சொல்ல, இந்திராணி கடைக்கு வந்து சொன்னாள்.

"குடிச்சுப்போட்டு டம்ளரத் திருப்பித் திருப்பிப் பாத்தாராமா. ஒண்ணுமே உளுவுலியாம். மொகம் செத்துப்போச்சாம். காபியும் காபியாட்டவே இல்லைன்னு பாதியில வெச்சுட்டாராம்."

கடையே சிரித்தது. இந்திராணி மட்டும் சிரிப்பு முடிந்தும் போகாமல், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வீதிப் பெண்கள் பேரையெல்லாம் தேடிப் படிப்பது அவளுக்குச் சில நாளாகப் பிடித்துப்போன வேலை. அறுபதையும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்மிணி, உன்ற பேரக் காணம்?"

"எனக்கெதுக்குங்கக்கா பேரு" என்று சொல்ல வந்த பூவாத்தா பாதியில் நின்றாள்.

அவளும் தினம் நாலு காபி குடிக்கிறவள்தான். பால் பாத்திரத்தில் அடியில் மிஞ்சினதை, இரண்டாம் டிகாக்ஷனில் கலந்து, பின்கட்டில் குழாயடியில் நின்றபடியே குடிப்பாள். குடிக்கிறது கடை டம்ளரில் இல்லை. பின்சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரில். குடித்ததும் தானே கழுவி ஆணியில் மாட்டிவிடுவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நல்ல டம்ளர் வந்தவங்களுக்கு, நம்மளுக்கு இது போதும் என்று கடை திறந்த முதல் நாள் நினைத்தாள், அதோடு அந்த நினைப்பையே மறந்துவிட்டாள். இப்போது போய் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஆறு வருஷம் குடித்த டம்ளர் மழுமழுவென்று வெறுமையாக இருந்தது.

ஊருக்கெல்லாம் ஒரே டம்ளர் என்று சட்டம் போட்டவள், தனக்கு மட்டும் தனி டம்ளர் வைத்திருந்தாள்! பூவாத்தாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது, குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ வெட்கம் போய் ஆத்திரம் வந்தது. நாச்சிமுத்து மேல் வராத ஆத்திரம் தன்மேல் வந்தது. சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு முன்கட்டுக்கு வந்தபோது, மனசு பேரம் பேசுவதை நிறுத்தியிருந்தது.

அமாவாசையன்று காலை ஏழு மணிக்கு நாச்சிமுத்து ஒரு வேனோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். கையில் ஒரு மஞ்சப் பை, பைக்குள் வெள்ளி டம்ளர். பதினோரு நாள் சரியான காபி இல்லாமல் கண்ணைச் சுற்றி நிழல் கட்டி, ஆளே அரை ஆளாயிருந்தார். கடையில் நிற்க இடமில்லை. ஷிப்டு முடிந்த தறிக்காரர்கள், டெய்லர், கவுன்சிலர், காலனிப் பெண்கள், ஹேமந்தோடு பத்துப் பதினைந்து ஒடிசாக்காரர்கள், ஒரு போலீஸ்காரர்கூட. எல்லார் கையிலும் டம்ளர், எல்லா டம்ளரிலும் காபி. ஒருவரும் குடித்து முடிப்பதாகத் தெரியவில்லை.

"சாமானத்தை ஏத்துங்கடா" என்றார் நாச்சிமுத்து.

ஆட்கள் டம்ளருக்குக் கை நீட்டினார்கள். "என்ற பேரு இருக்குதுங்க இதுல" என்று டெய்லர் டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "மேரா நாம், என் பேரு" என்றான் ஹேமந்த். அங்கங்கே அதே பேச்சு. சூசை எழுந்தார். பேர் விஷயத்தில் அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சுக் கிடையாது.

"மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்க. பாத்திரத்துல ஆரு பேரு வெட்டியிருக்குதோ பாத்திரம் அவங்களுது. அண்ணந்தம்பி பாகம் பிரிச்சாலும் அதுல கை வெக்க முடியாது. இந்த அறுபதும் இந்த வீதிக்காரங்க அத்தன பேருதும்ங்க. அறுபதுலயும் உங்க பேரும் இருக்குதுங்க. நீங்களும் ஒரு பங்குக்காரருதான். உங்க பொருளையே நீங்க எப்படிங்க வெளிய எறிவீங்க?"

நாச்சிமுத்து மஞ்சப் பையிலிருந்து வெள்ளி டம்ளரை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார்.

"எனக்கு ஞாயம் பேசத் தெம்பு இல்ல. பூவாத்தா, இதுல ஒரு காபி ஊத்து. வேன் அப்பிடியே திரும்பிப் போயிரும். நீயும் உன்ற கடையும் நல்லா இருங்க."

எல்லார் கண்ணும் பூவாத்தா மேல் இருந்தது. ஒரு கரண்டி காபி, கடை தப்பித்துவிடும். பூவாத்தா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சித்த இருங்க" என்றாள்.

அடுப்பு மேடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ஆறு வருஷத்தில் வாடிக்கைக்காரர்கள் பக்கம் அவள் துடைக்கவும் பெருக்கவும்தான் வந்திருக்கிறாள். ரங்கன் நகர்ந்து இடம் விட்டார். அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள், நன்றாகச் சாய்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி.

"இந்திராணியக்கா, எனக்கு ஒரு காபி போடுங்க. மொத டிகாக்ஷன்ல."

இந்திராணி ஒரு நொடி விழித்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். கடையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு டம்ளர், அதை எடுத்தாள். ஃபில்டரின் அடியிலிருந்து கெட்டி டிகாக்ஷன், அப்போதுதான் பொங்கி இறங்கிய பால், அளவாகச் சர்க்கரை. கை உயர்த்தி ஆற்றத் தெரியாமல் கொஞ்சம் மேடையிலும் ஊற்றினாள். டபராவோடு கொண்டுவந்து பூவாத்தா முன்னால் வைத்தாள்.

"குடி அம்மிணி."

பூவாத்தா குடித்தாள். அவசரப்படவில்லை. ஒரு வாய் குடித்து, டம்ளரை மடியில் வைத்து, நாக்கில் அது இறங்கும்வரை இருந்து, அடுத்த வாய் குடித்தாள். தறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். வாசம் அவர் மூக்கை இழுத்தது, எச்சில் விழுங்கினார், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். இந்த வீதியில் அவர் நிற்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரி உட்கார்ந்து குடித்ததை அன்றுதான் ஊர் பார்த்தது. வேனில் வந்த ஆட்கள் இருவரும் மெல்ல உள்ளே வந்து, யாரோ நீட்டிய டம்ளரைப் பங்கு போட்டுக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

கடைசி வாயையும் குடித்துவிட்டு அவள் டம்ளரைத் திருப்பினாள். பூவாத்தா என்று இருந்தது. சத்தமாகப் படித்தாள், நாலு பேருக்குக் கேட்கும்படி. ரங்கன் தலையாட்டினார்.

அவள் எழுந்து உள்ளே போய், அதே டம்ளரை எல்லா டம்ளரையும் போலக் கொதிதண்ணீரில் அலசி, டிகாக்ஷன் விட்டு, பால் விட்டு, ஒரு முழ உயரத்துக்கு ஆற்றி, நுரை தளும்ப நாச்சிமுத்துவின் முன்னால், வெள்ளி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காபி இதுலதானுங்க. வேண்டாம்னா சொல்லுங்க, நானே எல்லாத்தையும் வேன்ல ஏத்திவுட்டுப் போயர்றேன்."

அவர் வெள்ளி டம்ளரைப் பார்த்தார். பித்தளை டம்ளரைப் பார்த்தார். அவள் பேருக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. வெள்ளி டம்ளரை எடுத்து மஞ்சப் பைக்குள் திரும்பப் போட்டார். பித்தளை டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். முதல் வாய்க்கே அவர் கண் மூடிக்கொண்டது.

குடித்து முடித்துவிட்டு அவர் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். பேர் விழ ஆரம்பித்த பிறகு கடை டம்ளரை அவராகத் திருப்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன விழுந்திருந்தது, எங்கே விழுந்திருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. செங்காட்டூருக்கு வந்தால் நீங்களே படித்துக்கொள்ளலாம், அந்த டம்ளரைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். "சாயங்காலம் வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேனில் ஏறாமல் நடந்தே போனார். சாயங்காலம் வந்தார்.

வீதிக்காரர்கள் இன்றைக்கும் அந்தக் கதையை நாச்சிமுத்து நின்ற நிற்பிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள். பூவாத்தாவைக் கேட்டால் அவள் நாச்சிமுத்து பேரையே எடுக்க மாட்டாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வாள்:

"அன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது, என்ற காபி இத்தன நல்லா இருக்கும்னு."